முழுமைவாதியின் தன்னாய்வு ஏன் விசாரணையாகவே முடிகிறது?

மெய்ப்புநர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் மெய்ப்புத் திருத்தும் பணியில் இருப்பவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடும் பழக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். அந்தப் பழக்கம் வேலை முடிந்த பிறகும் ஓய்வதில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எதையும் குறையின்றிச் செய்தே ஆகவேண்டும் என்று தவிக்கும் என்னைப் போன்றவர்களிடம், "சற்று நிதானித்து உங்களை நீங்களே உற்றுப் பாருங்கள்" என்று பலரும் சொல்வதுண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பதே அதுதான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அனுப்பி முடித்த மின்னஞ்சலை "அனுப்பியவை" பகுதியில் திறந்து, பெறுபவர் அதை எந்தத் தொனியில் படித்திருப்பார் என்று மறுபடி மறுபடி வாசித்துப் பார்ப்பவருக்குத் தன்னை உற்றுப் பார்க்கும் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரவில் நாள்குறிப்பு எழுத உட்காருகிறேன். "கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை" என்பது முதல் வரி. "ஏன் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளவில்லை?" என்பது இரண்டாவது. "எப்போதுமே இப்படித்தான்" என்பது மூன்றாவது. மூன்றாம் வரியிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதால், அதற்குப் பிறகு ஆராய எதுவும் மிஞ்சுவதில்லை. பிறகு கையெழுத்து கோணலாக இருப்பது கண்ணில் பட, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அதே குற்றப்பத்திரிகையை அழகான எழுத்தில் திரும்ப எழுதுகிறேன்.

ஆகவே, தண்டனையில் முடியாத தன்னாய்வு ஒரு முழுமைவாதிக்குச் சாத்தியமா, சாத்தியமென்றால் அதற்கான இடத்தை அவர் எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதை அறிய விரும்புகிறேன். "உங்களை நீங்களே நேசியுங்கள்" என்ற ஒற்றை வரிப் பதில்களை அன்புகூர்ந்து தவிர்க்கவும்.

வெட்டவெளி

என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நாள்குறிப்பை மூடி வைத்துவிடுங்கள். புண்ணைச் சொறிந்துகொண்டே அது ஏன் ஆறவில்லை என்று கேட்பதில் பயனில்லை. நடந்து போங்கள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், கைகளுக்கு வேலை கொடுங்கள்.

ஆற்றுநர்

வெட்டவெளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதிக்காக இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் உளவியல் ஆலோசனைத் துறையில் இருக்கிறேன்.

தன்னைப் பற்றி நினைப்பதில் இரண்டு வகை உண்டு என்பதை 1999-இல் டிராப்னெல், கேம்ப்பெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வினாப்பட்டியலின் வழியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, இழப்பும் அச்சமும் உந்தித்தள்ள, முடிந்துபோனதையே சுற்றிச்சுற்றி வருவது. மற்றொன்று, தெரிந்துகொள்ளும் ஆர்வத்தால் தன்னைக் கவனிப்பது. தன்னைப் பற்றி அதிகம் சிந்திப்பவர்கள் தன்னறிவு மிகுந்தவர்களாகவும் அதே சமயம் மனவேதனை மிகுந்தவர்களாகவும் தோன்றுவது ஏன் என்ற புதிருக்கு அவர்கள் அளித்த விடை இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஒருவர் தனியே அமர்ந்து யோசித்துக்கொண்டிருப்பார். ஆனால் முதல் வகை, அரைத்த மாவையே அரைப்பது. அதிலிருந்து புதிய செய்தி ஒன்றுகூட வெளிவராது. "எப்போதுமே இப்படித்தான்" என்ற மெய்ப்புநரின் மூன்றாவது வரி அந்த வகையைச் சேர்ந்தது, ஏனெனில் அதை எழுத அன்றைய கூட்டம் நடந்திருக்கவே தேவையில்லை.

முழுமைவாதத்தையும் ஒரே பொருளாகப் பார்க்கக் கூடாது. 1990-இல் ராண்டி ஃப்ராஸ்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அளவுகோல், உயர்ந்த தரங்களை வைத்துக்கொள்வதையும் தவறுகளைக் குறித்த கவலையையும் தனித்தனிக் கூறுகளாக எடுத்துக்கொண்டது. 1991-இல் பால் ஹியூயிட்டும் கார்டன் ஃப்ளெட்டும் வேறொரு கோணத்தில் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் முழுமையை எதிர்பார்ப்பது, பிறரிடம் அதை எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. நல்ல வேலை செய்ய வேண்டும் என்ற விருப்பத்தால் யாருக்கும் பெரிய கேடு வருவதில்லை. அந்த வேலையின் தரத்தைக் கொண்டே தன் மதிப்பை அளக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

2002-இல் ஷஃப்ரான், கூப்பர், ஃபேர்பர்ன் ஆகியோர் இந்தக் கட்டத்தைக் கூர்மையாக விவரித்தார்கள். அவர்களுடைய விளக்கத்தில் என் அலுவலில் நான் அடிக்கடி காணும் நுட்பம் ஒன்று இருக்கிறது: இலக்கை எட்ட முடியாதபோது அந்த நபர் தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறார், எட்டிவிட்டால், "இதையே எட்ட முடிந்ததென்றால் இலக்கு தாழ்வாக இருந்திருக்க வேண்டும்" என்று அதை உயர்த்திவிடுகிறார். இரண்டு வழியிலும் திருப்தி வந்து சேர இடமில்லை. தேர்வில் முதலிடம் பெற்றவர் "கேள்வித்தாள் எளிது" என்று சொல்வதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு நாம் கடந்துவிடுகிறோம். பல வேளைகளில் அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்.

எனவே தன்னாய்வை நிறுத்த வேண்டியதில்லை. அதில் கேட்கப்படும் கேள்விகளை மாற்றினால் போதும். "ஏன் தயார் செய்துகொள்ளவில்லை?" என்பது கேள்விக்குறி போட்ட கண்டனம். "அந்தக் கேள்வி வந்தபோது என்ன நடந்தது?" என்பது உண்மையான கேள்வி. முன்னதற்கு வெட்கப்படுவதைத் தவிர வேறு பதில் கிடையாது. பின்னதற்கு, "கேள்வி பாதியிலேயே புரிந்துவிட்டது, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது" என்பது போன்ற, அடுத்த முறைக்கு உதவக்கூடிய பதில் கிடைக்கிறது.

நேர்கோடு

ஆற்றுநரின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் எல்லோரும் தொடாமல் சுற்றிப் போகும் ஒன்றை நான் கேட்டுவிடுகிறேன். நான் கட்டமைப்புப் பொறியாளர். என் கணக்கில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால், அதன் விளைவைச் சுமப்பது என் மனநிம்மதியோடு தொடர்பே இல்லாத மனிதர்கள். இன்று நான் நிற்கும் இடத்துக்கு என்னைக் கொண்டுவந்தது எனக்குள் இருக்கும் அந்தச் சாட்டைதான். "பரவாயில்லை, விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தொடங்கினால், அந்தத் தளர்வு எங்கே போய் நிற்கும்? தன்மீது பரிவு காட்டச் சொல்லும் எழுத்துகள் எல்லாம், தவறு செய்தால் பெரிதாக ஒன்றும் நடக்காத வேலைகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாகவே எனக்குத் தோன்றுகின்றன.

ஆற்றுநர்

இந்த ஐயம் நியாயமானது. இதை ஆய்வாளர்களும் எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

தற்பரிவு என்ற கருத்தை அளவிடக்கூடிய வடிவத்தில் முன்வைத்தவர் கிறிஸ்டின் நெஃப். 2003-இல் அவர் வெளியிட்ட அளவுகோலில் 26 வாக்கியங்கள் இருந்தன. தன்னிடம் கனிவாக இருப்பது, துன்பமும் குறையும் மனிதர் அனைவருக்கும் பொது என்று உணர்வது, வேதனையை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் கவனிப்பது என்ற மூன்றையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். நடுவில் இருக்கும் கூறு இல்லாவிட்டால் அது "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற கழிவிரக்கமாகிவிடும். அதே 2003 ஆய்வில், தற்பரிவு மிகுந்தவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட தரங்கள் மற்றவர்களுடைய தரங்களைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. தரத்துக்கும் தமக்கும் உள்ள இடைவெளியை எண்ணி வருந்துவது மட்டுமே அவர்களிடம் குறைந்திருந்தது. உங்கள் தசமப்புள்ளி அங்கே பத்திரமாகத்தான் இருக்கிறது.

2012-இல் ஜூலியானா ப்ரெய்ன்ஸ், செரீனா சென் ஆகியோர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மாணவர்களிடம் நடத்திய சோதனை இன்னும் நேரடியானது. மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான சொல்தேர்வு ஒன்று கொடுக்கப்பட்டது. அதன் பிறகு ஒரு குழுவினரிடம், இத்தகைய தேர்வில் தடுமாறுவது பலருக்கும் இயல்பே, உங்களை அதிகம் வாட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லப்பட்டது. வேறொரு குழுவினரிடம், இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றிருப்பதே நீங்கள் அறிவாளி என்பதற்குச் சான்று என்று தன்மதிப்பை உயர்த்தும் சொற்கள் சொல்லப்பட்டன. இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தது முதல் குழு. 2010-இல் கனடாவில் வோல், பிச்சில், பென்னெட் ஆகியோர் நடத்திய ஆய்வும் இதனோடு ஒத்துப்போகிறது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாளைக் கடத்தியதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் அவ்வாறு நாள் கடத்துவது குறைந்தது.

இவை மாணவர்களிடம் குறுகிய காலத்தில் நடத்தப்பட்டவை என்பதை நீங்கள் சுட்டுவதற்கு முன்பே நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் சாட்டையை எடுத்தால்தான் குதிரை நகரும் என்ற நம்பிக்கைக்கு இவை ஆதரவு தரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தண்டனைக்கு அஞ்சுபவர் முதலில் செய்வது தவறைத் திருத்துவதன்று, தவறு தன் கண்ணிலேயே படாமல் பார்த்துக்கொள்வது. உங்கள் தொழிலில் ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இருப்பது, மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதால்தானே? அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் யாரும் பொறியாளர்களை இன்னும் கடுமையாகத் தம்மைத் திட்டிக்கொள்ளச் சொல்லவில்லை.

நேர்கோடு

கடைசிப் பத்தியை ஏற்கிறேன். ஆய்வுகளைப் பற்றி எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஒரு மணி நேரச் சோதனையில் ஒருவர் கூடுதலாகச் சில நிமிடங்கள் படித்தார் என்பதை வைத்து வாழ்நாள் பழக்கத்தை எடைபோட முடியாது.

அடுத்தஅறை

நான் முழுமைவாதி இல்லை. ஒரு முழுமைவாதியோடு ஒரே வீட்டில் வாழ்பவள். அந்த இடத்திலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

என் கணவர் "நான் என்னிடம்தான் கடுமையாக இருக்கிறேன், உன்னை ஒன்றும் சொல்வதில்லையே" என்பார். உண்மைதான், வாயால் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நான் மடித்து வைத்த துணியை, நான் அறையை விட்டுப் போனபின் அவர் எடுத்து மறுபடி மடிக்கும் ஓசை எனக்குக் கேட்கிறது. தான் வரைந்த படத்தில் ஒரு கோடு பிசகினால் அவர் தாளைக் கசக்கி எறிவதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் மகளும் பாதிப் படத்திலேயே தாளைக் கசக்கத் தொடங்கிவிட்டாள். அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கிறார்கள் என்று அவளாகவே கற்றுக்கொண்டாள். ஆற்றுநர் குறிப்பிட்ட மூன்று வகைகளும் வெவ்வேறு மனிதர்களிடம் இருப்பவை அல்ல. எங்கள் வீட்டில் அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன.

ஆற்றுநர்

இந்தப் பதிவு என்னைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டப்பட்ட தரவுகளைத் தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் தொகுத்து ஆராய்ந்தபோது, மூன்று வகைகளும் கூடியிருந்தன. அவற்றுள் மிக அதிகமாகக் கூடியிருந்தது, பிறர் தன்னிடம் முழுமையை எதிர்பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை. மகளிடம் அறிவுரை சொல்வதைவிட, பிசகிய கோட்டை வைத்துக்கொண்டே அப்பா படத்தை முடிப்பதை அவள் ஒருமுறை பார்ப்பது அதிகம் பயன்தரும் என்பது என் எண்ணம்.

உள்ளொலி

என் சிக்கல் வேறு. பரிவாகப் பேசிக்கொள்ளும் பயிற்சியை உண்மையாகவே முயன்றிருக்கிறேன். "நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய்" என்று எனக்கு நானே சொல்லும்போது எரிச்சல்தான் வருகிறது. யாரோ விற்பனைப் பிரதிநிதி என் தோளைத் தட்டுவது போலிருக்கிறது. சில வேளைகளில் எரிச்சலையும் தாண்டி அழுகை வருகிறது. அது ஏன் என்று தெரியவில்லை. இதில் இன்னொரு கேலிக்கூத்து: தற்பரிவைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆற்றுநர்

இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. பரிவை மையமாகக் கொண்ட சிகிச்சை முறையை வகுத்த பால் கில்பர்ட், தம்மிடம் வந்தவர்களில் பலர் பரிவைக் கண்டே அஞ்சுவதைக் கவனித்து, 2011-இல் அந்த அச்சத்தை அளப்பதற்கென்றே அளவுகோல்களை வெளியிட்டார். அவருடைய விளக்கத்தில் நம் உணர்வுகளை மூன்று ஒழுங்குகள் நடத்துகின்றன: ஆபத்தை உணர்வது, இலக்கை நோக்கி விரைவது, அமைதியடைந்து இளைப்பாறுவது. முழுமைவாதியிடம் முதல் இரண்டும் ஓயாமல் இயங்க, மூன்றாவது பழக்கமின்றிக் கிடக்கிறது. சிறுவயதில் பாராட்டும் கண்டிப்பும் ஒரே வாயிலிருந்து வந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, கனிவான சொல்லே அடுத்து வரப்போகும் அடிக்கு முன்னறிவிப்பாகப் பதிந்திருக்கக்கூடும். கனிவு கிடைக்கும்போது, அது கிடைக்காமல் போன பழைய நாட்களின் வலி மேலெழுவதும் ஆலோசகர்கள் நன்கறிந்த ஒன்று. அழுகை வருவது தோல்வியின் அடையாளமன்று.

உங்களுக்குச் சொற்கள் ஒத்துவரவில்லையென்றால் அவற்றை விட்டுவிடுங்கள். பாராட்டத் தேவையில்லை, பொய்யாகத் தேற்றவும் தேவையில்லை. நடந்ததை உங்கள் பெயரிட்டு, படர்க்கையில், ஓர் உடன்பணியாளரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள். ஈதன் க்ராஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், "நான்" என்பதை விடுத்துத் தம் பெயரைச் சொல்லித் தமக்குள் பேசிக்கொண்டவர்கள், பதற்றம் தரும் மேடைப்பேச்சைக் கூடுதல் நிதானத்தோடு எதிர்கொண்டார்கள். இதில் கனிவு என்ற சொல்லே வருவதில்லை. கிடைப்பது சற்று இடைவெளி மட்டும். உங்களுக்கு இப்போதைக்கு அது போதும்.

தூக்கம் கெடுகிறது, எடுத்த வேலையைத் தொடங்கவே முடியவில்லை, வாழ்வதிலேயே பொருளில்லை என்ற எண்ணம் எழுகிறது என்றால், இணையத்தில் எங்களோடு பேசுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல வல்லுநரை நேரில் பாருங்கள். முழுமைவாதத்தைக் குறிவைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறைகள், அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பயிற்றும் முறைகள், இருக்கின்றன.

மெய்ப்புநர்

எல்லாப் பதில்களையும் படித்துவிட்டு, நாள்குறிப்பில் சில மாற்றங்களைச் செய்து பார்த்தேன். எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில், நேரத்துக்கு வரம்பு வைத்தேன். கடிகாரம் ஒலித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே பேனாவை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். முடியாத வாக்கியம் மறுநாள் பக்கத்தைத் திறக்கும்போது முள்ளாய் உறுத்துகிறது. ஆனாலும் ஒன்று புரிந்தது: என் தீர்ப்புகள் எல்லாம் நேரம் போகப் போகத்தான் வருகின்றன. தொடக்கத்தில் எழுதுபவை பெரும்பாலும் நடந்த செய்திகளாகவே இருக்கின்றன.

இரண்டாவது, எழுதியதைப் படிக்கும்போது நிகழ்ந்ததைச் சொல்லும் வரிகளின் கீழே மட்டும் கோடிட்டேன். தொழில் கண்ணை இதற்குத்தான் பயன்படுத்திக்கொண்டேன். "தடுமாறினேன்" நிகழ்ந்தது. "எல்லோரும் கவனித்திருப்பார்கள்" என்பது என் ஊகம். "எப்போதுமே இப்படித்தான்" என்பது இரண்டும் இல்லை. ஒரு பக்கம் முழுக்கக் கோடே விழாமல் போன இரவும் உண்டு. அன்று நான் எழுதியதில் எனக்குத் தெரிந்த செய்தி ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தபோது, கோபத்துக்குப் பதிலாகச் சிரிப்புதான் வந்தது.

உதவாதது, நன்றி சொல்ல வேண்டியவற்றைப் பட்டியலிடும் பழக்கம். பலருக்கு அது பயன்படலாம். நான் அதையும் போட்டியாக்கிவிட்டேன். நேற்றையதைவிட ஆழமான நன்றியைத் தேடி மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டேன்.

வெட்டவெளி சொன்ன நடையும் இப்போது உண்டு, ஆனால் எழுதுவதற்கு முன்னால். எழுதி முடித்தபின் நடந்தால், எழுதியதைத் தலைக்குள் திருத்திக்கொண்டே நடக்கிறேன்.

நேர்கோடு

மெய்ப்புநரின் கோடிடும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அளவீட்டையும் கருத்தையும் பிரிப்பது நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்வதுதான். ஒரே ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. எதிர்பார்ப்பு கற்பனையாக இல்லாமல் உண்மையாகவே இருந்தால்? சிறு பிழைக்கும் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தும் மேலதிகாரியின் கீழ் வேலை செய்பவரிடம் போய், உன்மீது பரிவு காட்டு என்று சொல்வது, குற்றத்தை அவர் தலையிலேயே கட்டுவதாகாதா?

ஆற்றுநர்

ஆகும். அங்கே தற்பரிவு சூழலுக்கு மருந்தாகாது. அதை மருந்தென்று பணியாளரிடம் நீட்டும் நிறுவனத்தை நானும் நம்பமாட்டேன். அத்தகைய இடத்தில் இருப்பவருக்குத் தன்னாய்வு தரக்கூடியது ஒன்றுதான்: இந்த விதி யாருடையது என்று தெரிந்துகொள்வது. மேலதிகாரி கேட்பது எவ்வளவு, அதற்கு மேல் தானாகவே சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதச் சொல்வேன். முதல் பத்தியை வைத்துப் பேச்சுவார்த்தை நடத்தலாம், புகார் செய்யலாம், வேறு வேலை தேடலாம். இரண்டாவது பத்தி, வேலையை மாற்றினாலும் கூடவே வரும். அதை மட்டும்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தஅறை

இந்த இரண்டு பத்திகளையும் இன்றிரவு என் கணவரிடம் காட்டப்போகிறேன். முதல் பத்தியில் என் பெயர் இருக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.